எல்லா டோனும் வேணுமா? எச்.எஸ்.எஸ். போதும்!

ஒவ்வொரு வருஷமும் ஃபர்ஸ்ட் இயர் பசங்க செட்டில் ஆன கொஞ்ச நாளில் இந்தக் கேள்வி வந்துடும். "அண்ணா, எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போறேன். மெலடியும் வாசிக்கணும், மெட்டலும் வாசிக்கணும். எந்த பிக்கப் செட்டப் எடுக்கலாம்?"

கேட்கிறவன் கையில் இருப்பது வீட்டில் கெஞ்சி வாங்கின காசு. அந்த ஒரு கிட்டார்தான் நாலு வருஷத்துக்கும். அதனால் "உன் இஷ்டம்டா, கேட்டுப் பார்த்து எடு" என்று நழுவுவது எனக்குப் பிடிக்காது. ஒரே கிட்டார், பல வகைப் பாட்டு என்றால் என் பதில் எச்.எஸ்.எஸ். ஏன்னு சொல்றேன், ஒத்துக்கலைன்னா கேன்டீனில் வந்து சண்டை போடுங்க.

முதலில் எழுத்துக் கணக்கு. எஸ் என்றால் சிங்கிள் காயில், எச் என்றால் ஹம்பக்கர். பிரிட்ஜ் பக்கத்திலிருந்து எண்ணினால், எச்.எஸ்.எஸ்.ஸில் பிரிட்ஜில் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் சிங்கிள் காயில்.

பிக்கப் எப்படி வேலை செய்யுது என்பது நாம் ஏற்கெனவே படிச்சதுதான். காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. மேலே ஸ்டீல் ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப் புலம் மாறுது, காயிலில் வோல்டேஜ் பிறக்குது. ஃபாரடே விதி, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காயிலுக்கு ஸ்ட்ரிங் எது, பக்கத்தில் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் எது என்று தெரியாது. நம்ம ஊர் கரண்டின் 50 ஹெர்ட்ஸும், அதோட 100, 150 ஹெர்ட்ஸ் உறவினர்களும் அழைக்காமலே உள்ளே வந்துடும்.

இதை நான் மேடையில் கத்துக்கிட்டேன். ரெண்டாவது வருஷம் கல்ச்சுரல்ஸில் கடன் வாங்கின மூணு சிங்கிள் காயில் கிட்டார். முதல் ரெண்டு பாட்டு கிளீன் டோன், அழகாகப் போனது. மூணாவது பாட்டுக்கு டிஸ்டார்ஷன் பெடலை மிதிச்சேன். மேடை லைட்டுக்கெல்லாம் டிம்மர் போட்டிருந்தாங்க. நான் ஒரு ஸ்ட்ரிங்கைக்கூடத் தொடலை, ஸ்பீக்கரில் தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி சத்தம். பெடல் கெயினை ஏத்தும்போது இரைச்சலையும் சேர்த்துத்தானே ஏத்தும்? பாட்டுக்கு நடுவில் வர்ற அந்த ரெண்டு செகண்ட் நிறுத்தம்தான் அந்தப் பாட்டின் அழகே. அது கோவிந்தா.

இந்தத் தொல்லைக்கு கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்ற இன்ஜினியர் 1955-இல் ஒரு தீர்வுக்குப் பேட்டன்ட் விண்ணப்பித்தார். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு காயில். ஒன்றின் சுற்றும் எதிர்ப்பக்கம், காந்தமும் எதிர்ப்பக்கம். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குச் சுற்று மட்டும்தான் மாறுது, அதனால் ரெண்டும் எதிரெதிராக வந்து அடிபட்டுப் போகுது. ஸ்ட்ரிங் சிக்னலுக்கு ரெண்டுமே மாறுது, அதனால் கூடுது. எவ்வளவு எளிமையான யோசனை!

அப்போ ரெண்டு ஹம்பக்கர் வெச்ச எச்.எச். எடுத்துடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் விலை கொடுக்கணும். ஹம்பக்கரின் இண்டக்டன்ஸ் அதிகம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. சிங்கிள் காயிலுக்கு 2.5 ஹென்றி, ஹம்பக்கருக்கு 4.5 ஹென்றி, கேபிளோடு சேர்த்து 600 பிகோஃபாரட் என்று வைத்தால், ரெசனன்ஸ் முதலாவதற்குக் கிட்டத்தட்ட 4,100 ஹெர்ட்ஸில் வரும், ரெண்டாவதற்கு 3,100-க்குக் கீழே இறங்கிடும். அதுக்கு மேலே சிக்னல் சரியுது. அது மட்டுமில்லாமல், ஹம்பக்கர் ஸ்ட்ரிங்கை ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் கேட்குது, அதில் சில உயர் ஹார்மோனிக்ஸ் தங்களுக்குள்ளேயே கழிஞ்சு போகுது. டிஸ்டார்ஷனுக்கு இந்தத் தடிமன் வரம். ஆனால் நெக் பக்கம் போய் கிளீனாக ஆர்ப்பெஜியோ வாசிச்சால், கீபோர்டும் பேஸும் இருக்கிற பேண்டில் அது கூட்டத்தில் காணாமல் போயிடும். சிங்கிள் காயிலின் அந்தக் கண்ணாடித் தெளிவு அங்கே வேணும்.

ஆக, கெயின் ஏத்துற இடம் பெரும்பாலும் பிரிட்ஜ். தெளிவு வேண்டிய இடம் நெக்கும் நடுவும். எச்.எஸ்.எஸ். சரியா அந்த இடத்தில் அந்தப் பிக்கப்பை வைக்குது. நடு பிக்கப்பை எதிர்ச்சுற்றாக வெச்சிருந்தால், நடுவும் நெக்கும் சேர்ந்த நாலாவது பொசிஷனில் இரைச்சலும் அடங்கிடும்.

இதில் சமரசமே இல்லைன்னு சொல்லமாட்டேன். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோஓம் பாட், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். ஒரே வால்யூம் நாபில் ரெண்டையும் மாட்டினால் ஒண்ணு கொஞ்சம் கூர்மையாகும், இல்லைன்னா இன்னொண்ணு கொஞ்சம் மங்கும். அதை டோன் நாப் சமாளிக்கும்.

நான் உண்மையில் தடுக்க நினைக்கிறது வேற ஒரு தப்பை. அந்த மேடை அனுபவத்துக்கு அப்புறம் பயந்து போய் நான் வாங்கினது எச்.எஸ்.எச்., கூடவே ஹம்பக்கரைப் பாதியாக வெட்டுற புஷ்-புல் நாப். ஐந்து பொசிஷன், அதில் ரெண்டு ரெண்டு, மொத்தம் பத்து டோன்! இன்னிக்கு வரைக்கும் நான் பயன்படுத்துறது மூணு. பாதியாக வெட்டின ஹம்பக்கர் அசல் சிங்கிள் காயில் ஆகாது. சத்தம் குறையும், விரட்டின இரைச்சல் திரும்பி வரும், காந்த அமைப்பும் வேற. பல மரம் பார்த்த தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது எனக்காகவே சொன்னது. பிராக்டிஸில் பாதி நேரம் ஸ்விட்சைத்தான் வாசிச்சிருக்கேன்.

வரலாறும் இதைத்தான் சொல்லுது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப் மூணு, ஸ்விட்சுக்கும் மூணே பொசிஷன். வாசிக்கிறவங்க அந்த ஸ்விட்சை ரெண்டு பொசிஷனுக்கு நடுவில் நிறுத்திப் புது டோன் கண்டுபிடிச்சாங்க. கம்பெனி ஐந்து பொசிஷன் ஸ்விட்ச் கொடுத்தது 1977-இல்தான். எடி வான் ஹேலன் ஸ்ட்ராட் மாதிரி பாடியில் கிப்சன் ஹம்பக்கரை மாட்டி, அந்த ஒரு பிக்கப், ஒரு வால்யூம் நாபோடு 1978-இல் முதல் ஆல்பத்தில் ராக் கிட்டாரையே மாத்தினார். தேவை முதலில் வந்தது, ஸ்விட்ச் அப்புறம்.

அதனால் கடைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க வாசிக்க ஆசைப்படுற பத்துப் பாட்டை எழுதுங்க. பத்தும் மெட்டல் என்றால் எச்.எச். எடுங்க, நான் தடுக்கலை. பத்தும் கிளீன், ஃபங்க், ப்ளூஸ் என்றால் மூணு சிங்கிள் காயில். கலந்து இருந்தால் சாதாரண எச்.எஸ்.எஸ். எடுங்க, புஷ்-புல்லுக்கு மேல்காசு கொடுக்காதீங்க. அந்தக் காசில் நல்ல கேபிளும் ஒரு செட்டப்பும் பண்ணுங்க. ஒரு வாரம் டிஸ்டார்ஷனை ஆன் பண்ணி வெச்சு, வால்யூம் நாபை 10-இலிருந்து 6-க்குக் குறைச்சு வாசிச்சுப் பாருங்க. அழுக்கு டோன் மெல்லத் தெளியும். அந்த நாபுக்குள்ளே எத்தனை டோன் இருக்குன்னு எனக்குத் தெரிய மூணு வருஷம் ஆச்சு.

என்னோட எச்.எஸ்.எச். இன்னும் ஹாஸ்டல் ரூமில்தான் இருக்கு. புஷ்-புல் நாபில் தூசி. வேணும்னா வந்து வாசிச்சுப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.