கப்பல் நிற்காமல் போன தீவு

“அம்மாச்சி, நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் திருக்கை மீன்தானே?”

புதன்கிழமை ராத்திரி தூங்கப் போவதற்குள் பேத்தி இதை நாலு தடவை கேட்டுவிட்டாள். நாலு தடவையும் நான் “ஆமாடா தங்கம்” என்றேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்தப் பயணத்தில் நான் செய்த முதல் தப்பு அந்த நாலு “ஆமா”தான்.

ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்த சமயம். மார்ச் மாதம், பேத்திக்கு ஒரு வாரப் பள்ளி விடுமுறை. பக்கத்தில் இருக்கும் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து ஏழு நாள் கப்பல் பயணத்துக்கு மாப்பிள்ளை டிக்கெட் போட்டிருந்தார். ஜமைக்கா, கிராண்ட் கேமன் தீவு, மெக்சிகோவின் கோசுமெல் என்று மூன்று ஊர். மூன்றிலும் பேத்தியின் மனசு முழுக்க கேமன் தீவில்தான். அங்கே கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டு இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் திருக்கை மீன்கள் நம்மைச் சுற்றிச் சுற்றி வரும். முன்பு மீனவர்கள் அங்கே படகை நிறுத்தி மீன் கழுவுவார்கள். கழிவைத் தின்ன வந்து பழகிய கூட்டமாம். இரண்டு மாதமாக அவள் வரைந்த படமெல்லாம் திருக்கைதான்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். வடமேற்குக் காற்று பலமாக இருக்கிறது, படகில் ஆட்களை இறக்குவது பாதுகாப்பில்லை, கிராண்ட் கேமனில் நிற்காமல் போகிறோம், மன்னிக்கவும். அவ்வளவுதான்.

பால்கனிக் கதவைத் திறந்தால் தீவு கண்ணுக்கு எதிரே நிற்கிறது. கட்டடம், சாலை, ஓடும் கார்கூடத் தெரிகிறது. இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு இறங்க முடியாதா என்று எனக்கே கோபம் வந்தது. பேத்தியைக் கேட்கவே வேண்டாம்.

பெரிய கப்பல், சின்னப் படகு

மாப்பிள்ளை வேகமாகக் கீழே போனார். வரவேற்பு கவுன்டரில் நூறு பேர் வரிசை. எல்லோரும் கவுன்டரில் இருந்த ஒரு சின்னப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் நின்றுவிட்டு, “அந்தப் பொண்ணு என்ன செய்யும் அத்தை, பாவம்” என்று திரும்பி வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர்தான் பேத்தியை மடியில் உட்காரவைத்துக் கன்னியாகுமரிக் கதையைச் சொன்னார். விவேகானந்தர் பாறைக்குப் போக வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் போனதும் “கடல் சீற்றம், படகு கிடையாது” என்று பலகையை மாட்டிவிட்ட கதை. நம்மில் பாதிப் பேருக்கு நடந்ததுதான். கேமன் தீவிலும் விஷயம் அதேதான்.

கோசுமெல் போன்ற ஊரில் கப்பல் நேராகத் துறைமேடையில் வந்து ஒட்டி நிற்கும். நாம் நடந்தே இறங்கிவிடலாம். கேமன் தலைநகர் ஜார்ஜ் டவுனில் அந்த வசதி கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும். ‘டெண்டர்’ என்கிற சின்னப் படகு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போகும். பெரிய கப்பல் அசையாமல் நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் படகு அலைக்கு அலை ஏறி இறங்கும். அந்த இடைவெளியில்தான் நாம் காலை எடுத்து வைக்க வேண்டும். எழுபது வயதுக்காரர் ஒருவர் கால் வைக்கும் நேரம் படகு கீழே போனால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

குளிர்காலத்திலும் மார்ச் வரையிலும் வடக்கேயிருந்து வரும் குளிர்காற்று அந்தத் தீவின் மேற்குக் கரையில் அலையைக் கிளப்பிவிடும். அந்த மாதிரி நாட்களில் தென்பக்கம் ஸ்பாட்ஸ் என்ற மாற்று இறங்குதுறையை முயன்று பார்ப்பார்கள். அன்று அங்கேயும் சரிப்படவில்லை. துறைமேடை உள்ள ஊரில்கூட சில நாள் காற்று விடாது. பத்துப் பதினைந்து மாடி உயரக் கப்பல், காற்றுக்கு முன்னால் ஒரு பெரிய சுவர் மாதிரி. பக்கவாட்டில் தள்ளினால் மேடையில் மோதிவிடும்.

“அவங்களுக்கு டீசல் மிச்சம்” என்று பக்கத்து மேஜையில் ஒருவர் சொன்னார். நானும் கொஞ்சம் நம்பினேன். பிறகுதான் மகள் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னாள். 2016 பிப்ரவரியில் நியூஜெர்சியிலிருந்து புளோரிடாவுக்குக் கிளம்பிய ‘ஆந்தம் ஆஃப் த சீஸ்’ என்ற பெரிய கப்பல், வழியில் கடும் புயலில் மாட்டிக்கொண்டது. பயணிகளை மணிக்கணக்கில் அறையை விட்டு வெளியே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்காலியும் மேஜையும் உருண்டன. கடைசியில் கப்பல் பாதி வழியிலேயே திரும்பி வந்தது. நிறுவனம் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. அதைக் கேட்ட பிறகு, முன்கூட்டியே “வேண்டாம்” என்று சொன்ன எங்கள் கேப்டன்மேல் கோபம் போய்விட்டது.

எந்தக் காசு திரும்பும்?

கோபம் போனால் அடுத்து வருவது காசுக் கணக்கு. இதைக் கிளம்பும் முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. வானிலை காரணமாக ஊரை மாற்றவும், நிற்காமல் போகவும் கேப்டனுக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்கும். அதாவது நாம் காசு கொடுப்பது கப்பலில் தங்கவும், சாப்பிடவும், கடலில் போகவும். இன்ன ஊரில் இறக்குவோம் என்பது உத்தரவாதம் இல்லை. அதனால் ஒரு ஊர் விட்டுப்போனதற்காக டிக்கெட் பணம் பொதுவாகத் திரும்ப வராது. அந்த ஊருக்கான துறைமுகக் கட்டணம் மட்டும் பெரும்பாலும் நம் கப்பல் கணக்கில் வரவு வைக்கப்படும்.

ஊர் சுற்றும் டிக்கெட்டைக் கப்பலிலேயே வாங்கியிருந்தால் அந்தப் பணம் தானாகத் திரும்பிவிடும். வெளியில் ஒரு படகுக்காரரிடம் வாங்கியிருந்தால் அவர் வைத்த விதிதான். மகள் வெளியில்தான் வாங்கியிருந்தாள், விலை குறைவு என்று. ஆனால், “கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் வாபஸ்” என்று எழுதியிருந்த இடமாகப் பார்த்து வாங்கியிருந்தாள். பத்து நாளில் பணம் வந்துவிட்டது. அந்த ஒரு வரியைத் தேடிப் படித்தது அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

பயணக் காப்பீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில பாலிசிகள் ஊர் விட்டுப்போனாலே ஒரு தொகை தரும். பல பாலிசிகள் தராது. கேட்டு வாங்குங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடிப்போய் எடுத்த பாலிசி, அந்தப் புயலுக்குப் பொதுவாக உதவாது. கரீபியன் பக்கம் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பனிமூட்டத்தில் ஒரு பகல்

கோசுமெல் நல்லபடியாக முடிந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கால்வெஸ்டனில் இறங்க வேண்டும். எழுந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை. கடலும் இல்லை, வானமும் இல்லை.

குளிர்காலக் கடைசியில் மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான ஈரக் காற்று கரையோரக் குளிர்ந்த தண்ணீர்மேல் படியும்போது, இப்படி அடர்த்தியான மூட்டம் உருவாகும். அப்போது கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கூட்டிப்போகும் பைலட்டுகள் வேலையை நிறுத்திவிடுவார்கள். பைலட் இல்லாமல் கப்பல் குறுகலான கால்வாய்க்குள் நுழையாது. நாங்கள் வெளியே நின்றோம். ஒரு மணி நேரம், மூன்று மணி நேரம், மத்தியானச் சாப்பாடும் ஆகிவிட்டது.

அப்போதுதான் என்னுடைய இரண்டாவது தப்பு வெளியே வந்தது.

கடைசி ராத்திரி பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். ஊழியர்கள் எடுத்துப்போய்க் கீழே அடுக்கிவிடுவார்கள். கரையில் இறங்கிய பிறகுதான் நம் கைக்கு வரும். காலையில் வீட்டுக்குப் போய்விடுவோமே என்று, என் வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டையும் பெரிய பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். பெட்டி கப்பலின் வயிற்றுக்குள், நாங்கள் மேல்தளத்தில்.

பதினொரு மணி வாக்கில் அவருக்குத் தலை சுற்றியது. “ஒண்ணுமில்ல, பனி” என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பனி இல்லை. மாப்பிள்ளை அவரைக் கைத்தாங்கலாகக் கப்பல் மருத்துவ அறைக்குக் கூட்டிப்போனார். நல்லவேளையாக, மாத்திரைச் சீட்டின் போட்டோ மகளின் போனில் இருந்தது. டாக்டர் பெயர்களைப் பார்த்து, சர்க்கரையும் பிரஷரும் சோதித்து, அன்றைக்கு வேண்டியதைக் கொடுத்தார். கட்டணம் தனி. பில்லைப் பார்த்ததும் இவருக்கு மறுபடியும் தலை சுற்றியது என்பது வீட்டில் இன்றைக்கும் ஓடும் ஜோக். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மறதியால் வந்த வினை என்று மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மேஜையில் சாப்பிட்ட ஒரு குடும்பம் அன்று மத்தியானம் ஒரு மணி விமானத்துக்கு டிக்கெட் போட்டிருந்தது. கப்பலே நாலு மணிக்குத்தான் கரையைத் தொட்டது. விமான டிக்கெட்டை மாற்றக் கப்பல் முழுக்க ஒரே நேரத்தில் வைஃபை தேடியதில், அவர்களால் ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க முடியவில்லை.

அரை நாள் என்பது ஒன்றுமே இல்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது கால்வெஸ்டன் துறைமுகத்தையே மூடிவிட்டார்கள். திரும்பி வர வேண்டிய கப்பல்கள் நாள் கணக்கில் கடலில் காத்திருந்தன. சில கப்பல்கள் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சாப்பாட்டுப் பொருள் ஏற்றிக்கொண்டன. ஏழு நாளுக்கு ஏழு மாத்திரை எண்ணி எடுத்துப்போனவர்கள் கதி என்னவாகியிருக்கும்?

இனி நான் செய்வது

1. மாத்திரை: பயண நாளைவிட ஐந்து நாளைக்கு அதிகமாக, எப்போதும் கைப்பையில். மாத்திரைச் சீட்டின் போட்டோ வீட்டில் இரண்டு பேர் போனில்.

2. பாஸ்போர்ட்டும் கைப்பையில்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு ஊருக்குப் பதில் வேறு நாட்டில் நிறுத்தினால் அங்கே இறங்க விசா வேண்டுமா என்று முன்பே நிறுவனத்திடம் கேளுங்கள். அமெரிக்காவுக்குத் திரும்பி வருவது மறுபடியும் நாட்டுக்குள் நுழைவது என்பதையும் மறக்காதீர்கள்.

3. இறங்கும் நாளன்று விமானம் வேண்டாம். மறுநாள் போடுங்கள். ஒரு ராத்திரி அறை வாடகை, தவறவிட்ட டிக்கெட்டைவிடப் பெரும்பாலும் மலிவு.

4. டிக்கெட் போடும்போதே, எந்த ஊரில் துறைமேடை, எந்த ஊரில் படகு என்று கேளுங்கள். படகு ஊர் என்றால் அதை ‘கிடைத்தால் லாபம்’ கணக்கில் வையுங்கள். நம் லட்சத்தீவுக் கப்பலிலும் பல தீவுகளில் கடலிலேயே படகு மாறித்தான் இறங்க வேண்டும். இதே யோசனை அங்கேயும் பொருந்தும்.

5. கடல் ஆடும் நாளில் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருந்தால் ஆட்டம் குறைவு. போனைப் பார்க்காமல் தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். இஞ்சி மரப்பா, உப்பு பிஸ்கட் கைவசம் இருக்கட்டும். வாந்தி மாத்திரை என்றால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். வயதானவர்களுக்குச் சில மாத்திரை மயக்கம் தரும்.

ஆறாவதாக ஒன்று உண்டு, அது குழந்தைகளுக்கானது.

அந்த வியாழக்கிழமை பேத்தி அழுதபோது, “ஐஸ்க்ரீம் வாங்கித் தரேன், நீச்சல் குளத்துக்குப் போலாம்” என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னோம். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அம்மாச்சி, போக முடியாமலும் போகலாம்னு?”

மாப்பிள்ளை டிக்கெட் போட்டபோதே மகள் சொல்லியிருந்தாள், தெரியும். “தெரியும்” என்றேன்.

“அப்ப ஏன் ஆமா, ஆமான்னு சொன்னீங்க?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தீவு போனதைவிட நான் உறுதி சொன்னதுதான் அவளுக்கு வலித்திருக்கிறது. “தப்புதான்டா. ‘கடல் விட்டாப் போவோம்’னு சொல்லியிருக்கணும்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, தாத்தாவோடு மேல்தளத்துக்குப் போனாள். எங்களைப் போலவே இன்னொரு கப்பலும் தீவைவிட்டுத் திரும்பிப் போவதை இரண்டு பேரும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருடம் அவர்கள் ஊருக்கு வருகிறார்கள். கன்னியாகுமரி போவதாகத் திட்டம். போன வாரம் போனில் பேத்தி சொன்னாள், “கடல் விட்டா, பாறைக்குப் போவோம் அம்மாச்சி.”