மறுநாள் வரும் களைப்பு



இயற்கையாகப் பரவும் இளம்பிள்ளை வாதக் கிருமி நம் நாட்டில் இறுதியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றை. ஆனால் அந்நோய்க்குத் தப்பிப் பிழைத்தோர் நம் இல்லங்களில் இருக்கின்றனர். சூம்பிய காலுடன் படித்து, உழைத்து, பிள்ளைகளையும் கரையேற்றியவர்கள் அவர்கள். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தபின் அவர்களுள் பலருக்குப் புதிதாகத் தசைத் தளர்ச்சியும், வலியும், அளவிறந்த சோர்வும் வருகின்றன.

கிருமி மீண்டும் வந்துவிட்டதோ என அஞ்ச வேண்டாம். இது பிறருக்குத் தொற்றுவதுமன்று. அன்று தண்டுவடத்தில் பல நரம்பணுக்கள் மடிந்தன. எஞ்சியவை புதுக் கிளைகள் விட்டு, ஆதரவிழந்த தசைநார்களையும் தாமே ஏற்று இயக்கின. தன் பிள்ளைகளோடு அயலாரின் அனாதைப் பிள்ளைகளையும் வளர்க்கும் தாயைப் போல, பல ஆண்டுகள் இரட்டைச் சுமை சுமந்த அவை இப்போது தளர்கின்றன. ‘நல்ல கால்’ என்று நாம் எண்ணியதும் இதற்கு விலக்கன்று.

இதில் குடும்பத்தார் பெரிதும் தவறிப்போகும் இடம் ஒன்றுண்டு. திருமண வீட்டில் நாள் முழுதும் ஓடியாடி வேலை செய்தவர் அன்றிரவு நலமாகவே இருப்பார். மறுநாளோ, அதற்கடுத்த நாளோதான் எழ இயலாமல் படுப்பார். தேறுவதற்குச் சில நாட்கள் ஆகும். அவர் படுத்திருக்கும் நாளில் வேலை ஏதும் செய்யவில்லையே! ஆகவே, “நேற்று நன்றாகத்தானே இருந்தாய், இன்றென்ன சோம்பல்?” என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு அஞ்சியே சிலர் மறுபடியும் உழைத்து, மேலும் தளர்கின்றனர். முயன்றால் முடியாதது இல்லை என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா? அவ்வுபதேசம் இந்நோய்க்குப் பொருந்தாது.

இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு போன்ற பிற காரணங்கள் உண்டா என மருத்துவர் முதலில் ஆராய்வார். பின்னர் வேண்டுவது அளவறிந்த உழைப்பே. களைத்தபின் ஓய்வதன்று, களைக்குமுன் ஓய்வது. உட்கார்ந்தே சமைக்கலாம், துணி துவைப்பதை இரு நாட்களுக்குப் பகிரலாம். முற்றிலும் படுத்துவிடுதலும் தீதே. உடற்பயிற்சியை, களைப்பூட்டாத அளவில், பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் செய்க. சக்கர நாற்காலி தோல்வியின் அடையாளமன்று. திருப்பலியில் எழுந்து நிற்க இயலாதோர் அமர்ந்தே பங்குபெறுக. அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சை நேரிடின், சிறுவயதில் இந்நோய் கண்டதை மயக்க மருந்து தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுக. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய கதைதானே என்று விட்டுவிடாதீர்கள்.