கரகரப்பில ஆன்மாவைத் தேடாதேங்கோ

கொழும்பில இப்ப ஒரு புது மோஸ்தர். கோப்பிக் கடையில் சூட்கேஸ் மாதிரி மடிக்கிற றெக்கோட் பிளேயர் ஒன்று இருக்கும். அதில் எழுபதுகளின் இசைத்தட்டு ஒன்று சுழலும். பாட்டுக்கு மேலால கடுகு வெடிக்கிற மாதிரி படபட எண்டு சத்தம். "இதுதான் மச்சான் வைனலின்ட ஆன்மா" என்றபடி ஒருத்தர் போனில் வீடியோ எடுப்பார். நாங்களும் இதைச் சொல்லித் திரிந்தவர்கள்தான். அந்த வெட்கத்தில்தான் எழுதுகிறோம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு அங்கிள் வீட்டில் இருந்த பழைய பொப்பிசை 45 ஒன்றை எங்கட சூட்கேஸில் போட்டுக் காட்டினோம். அரை நிமிசம் கேட்டார். "தம்பி, வாங்கின காலத்தில இது இப்பிடிக் கேக்கேல்லயே" என்றார். பழசுதானே, தேய்ந்திருக்கும் என்று சமாளித்தோம். பிறகு அதே தட்டைக் கழுவாமலே வெள்ளவத்தையில் ஒரு தோழி வீட்டு டேர்ன்டேபிளில் போட்டோம். படபடப்பில் பாதிக்கு மேல் காணேல்ல. அதே தூசி, அதே கீறல். மாறினது கருவி மட்டும்தான்.

ஏன்? மலிவான சூட்கேஸ் பிளேயர்களில் இருப்பது பெரும்பாலும் செராமிக் காட்ரிட்ஜ். அதன் ஊசி ஐந்து, ஆறு கிராம் பாரத்தோடு தட்டில் குந்தும். ஒழுங்கான காந்தக் காட்ரிட்ஜ் ஒன்றுக்கு இரண்டு கிராம் போதும். ஊசி முனையின் வடிவமும் முக்கியம். உருண்டை முனையும் நீள்வட்ட முனையும் தவாளிப்பின் சுவரில் தொடுகிற இடம் வேறு. பழைய ஊசிகள் உழுது நாசமாக்கின இடத்தை விட்டு, தேயாத இடத்தை ஒரு நல்ல முனை தொட்டால் அந்தத் தட்டே வேறு மாதிரிப் பாடும். 78 சுற்றுத் தட்டு என்றால் கதையே வேறு. அதற்கு ஏறக்குறைய நாலு மடங்கு பருத்த முனை வேணும். எல்.பி ஊசியைப் போட்டால் அது தவாளிப்பின் அடியில் கிடக்கிற குப்பையைத்தான் வாசிக்கும்.

அம்ப்ளிஃபயரும் இதில் கூட்டாளி. கீறலில் ஊசி துள்ளும்போது வருகிற திடீர் அலையை மலிவான போனோ சுற்று தாங்காது. ஒரு சின்ன 'டிக்' அங்கே நீண்டு 'டப்' ஆகிவிடும்.

இந்த ஆன்மாக் கதை எங்களுக்குக் கோபம் தருவதற்குக் காரணம் இருக்கு. இசைத்தட்டு செய்தவர்கள் இந்தச் சத்தத்தோடு சண்டை பிடித்தவர்கள். 1954இல் பொதுவாக வந்த ஆர்.ஐ.ஏ.ஏ அளவையைப் பாருங்கோ: பதியும்போது மேல் சுருதிகளைத் தூக்கிப் பதிவது, கேட்கும்போது அதே அளவு அமத்துவது. பத்தாயிரம் ஹேர்ட்ஸில் 13 டெசிபலுக்கு மேல் அமத்துகிறார்கள். பாட்டு தன் நிலைக்குத் திரும்பும், தட்டின் இரைச்சல் மட்டும் அமுங்கும். அவ்வளவு மினக்கெட்டு ஒழித்ததை நாங்கள் கலை என்று கும்பிடுகிறோம்.

நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆட்களின் பாட்டுகள் எங்கட ஊரின் பொப்பிசை. அந்தத் தட்டுகளை இனி ஆரும் புதிதாக அச்சடித்துத் தரப்போவதில்லை. 83 ஆடியில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது அலமாரிகளும் சேர்ந்துதான் எரிந்தன. தப்பினதில் கொஞ்சம் கடற்காற்றிலும் பூஞ்சணத்திலும் போச்சு. மிச்சத்தை ஆறு கிராம் ஊசியால் ஒவ்வொரு பின்னேரமும் சுரண்டுகிறோம், கோப்பியோடு.

இன்னொரு கூட்டம் அந்தச் சூட்கேஸிலேயே பதிந்து, பிறகு கணினியில் இரைச்சலைத் துடைத்து யூடியூப்பில் போடுகிறது. துடைக்கும்போது பாடகரின் மூச்சும் கிற்றார் நரம்பின் நுனிச் சத்தமும் சேர்ந்து போய்விடுகிறது. தண்ணிக்குள்ள இருந்து பாடுகிற மாதிரி. முதலில் ஊசியை மாத்துங்கோ, துடைப்பதைப் பிறகு யோசிப்பம்.

"நல்ல செட் பணக்காரருக்குத்தானே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆளுக்கொரு சூட்கேஸ் வாங்கின காசைச் சேர்த்தால் பத்துப் பேருக்குப் பொதுவாக ஒரு ஒழுங்கான டேர்ன்டேபிள் வரும். மோனோ பட்டனுக்குக் காசே இல்லை. பழைய மோனோ தட்டில் இசை இடம் வலமாக மட்டும்தான் வெட்டப்பட்டிருக்கும். ஸ்டீரியோ காட்ரிட்ஜ் மேல் கீழ் அசைவையும் வாசித்து அந்த அழுக்கைச் சத்தமாக்கும். பட்டனை அமத்தினால் அது அடிபட்டுப் போகும். அங்கிளின் தட்டும் மோனோதான். தோழி வீட்டில் அந்தப் பட்டன் அமத்தித்தான் இருந்தது.

ஆழமான கீறலை எந்தக் கருவியும் ஆற்றாது, ஓம். தேய்ந்துபோன மேல் சுருதியும் திரும்பி வராது. அதனால்தான் அவசரப்படுகிறோம்.

அங்கிளின் பெட்டிக்குள்ள இன்னும் பதினொரு தட்டு கிடக்கு. வாற சனிக்கிழமை கழுவிப் பதியப்போறம். 78கள் இருந்தால் கொண்டு வாங்கோ, ஆனால் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுப் போடாதேங்கோ, ஷெல்லாக் கரைஞ்சிடும். சூட்கேஸை வீட்டில விட்டிட்டு வாங்கோ.