ஆடிக் கற்கும் அயல்மொழி

தாய்மொழியைக் குழந்தைக்கு எவரும் இலக்கண நூலை விரித்துக் கற்பிப்பதில்லை. பசித்தபோது அது சோறு கேட்கிறது. தோழரோடு ஆடும்போது தன் முறைக்காக வழக்காடுகிறது. வேண்டியதைப் பெறப் பேசுகிறது. பேசப் பேச மொழி வளர்கிறது.

அயல்மொழிக்கு இவ்வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. கொங்கு நாட்டுச் சிற்றூரில் வாழும் உழவர் வீட்டுப் பிள்ளையும் விசைத்தறித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையும் ஆங்கிலத்தில் பேசிப் பழகும் இடம் பெரும்பாலும் வகுப்பறை ஒன்றே. அப்பாடவேளை முழுவதும் விடைகளை மனப்பாடம் செய்வதிலேயே கழிந்தால் விளைவு யாது? தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய மாணவன், பின்னாளில் கல்லூரியிலோ தொழிற்சாலையிலோ ஒரு வினாவைக் கேட்கவும் நாவெழாது நிற்பான். அவனிடம் அறிவு குறைவு இல்லை, பழக்கமே குறைவு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஆதலின் ஆங்கில வகுப்பில் விளையாட்டுக்கு இடம் வேண்டும். அது பாடத்தின் நடுவே தரும் ஓய்வு அன்று, அதுவே பாடம். ஆயினும், சிரிப்பும் ஆரவாரமும் மட்டுமே ஆட்டத்தைப் பாடமாக்கிவிடா. அம்மொழியில் பேசினாலன்றி ஆட்டம் நகராது என்னும் நிலை அதில் இருத்தல் வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை இரயிலை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் அதன் நிலையங்களை எழுதி, தாமே நேரங்களைக் குறித்து, இரண்டு தாள்கள் அமைக்கிறார். ஒரு தாளில் குன்னூருக்கும் கேத்திக்கும் உரிய நேரம் உண்டு. மற்றதில் வெலிங்டனுக்கும் லவ்டேலுக்கும் உரிய நேரம் உண்டு. தாளை ஒருவருக்கொருவர் காட்டலாகாது. ஆங்கிலத்தில் வினவியே வெற்றிடங்களை நிரப்புதல் வேண்டும். ஒரே வகை வினா பலமுறை வருகிறது. ஆயினும் சலிப்பு வருவதில்லை. இவ்வாறே வகுப்பறையைப் பொள்ளாச்சிச் சந்தையாக்கித் தேங்காய்க்கும் வெல்லத்திற்கும் விலை பேசலாம்.

இக்கருத்துக்குத் தென்னாட்டிலேயே சான்று உண்டு. மொழிக்கல்வி அறிஞர் என். எஸ். பிரபு, 1979ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டு வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பள்ளிகள் சிலவற்றில் ஒரு முயற்சியை நடத்தினார். நேர அட்டவணை, நிலப்படம் முதலியவற்றைக் கொண்டு ஆசிரியர் ஒரு சிக்கலை வகுப்போடு வினவி விடுவிப்பார்; அதுபோன்ற வேறொன்றை மாணவர் தாமே விடுவிப்பர். கருத்து பொருளில் ஊன்றியிருக்கும்போதே மொழியின் அமைப்பு மனத்தில் படியும் என்பது அவர் கொள்கை.

தமிழ்நாட்டு அரசும் தொடக்கப்பள்ளிகளில் செயல்வழிக் கற்றலை 2007ஆம் ஆண்டில் மாநிலமெங்கும் பரப்பியது. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஆடலும் பாடலும் இடம் பெற்றன. உயர்வகுப்பை எட்டியதும் தேர்வின் அச்சத்தால் இம்முறையைக் கைவிடுதல் முறையாகாது.

வகுப்பில் ஓசை மிகும் என்பர் சிலர். மொழி பயிலும் அறையில் ஓசையினும் அஞ்சத்தக்கது ஊமை அமைதியே. பிழை மலியும் என்பர் வேறு சிலர். பிழையை ஆட்டம் முடிந்தபின் ஆசிரியர் திருத்தலாம். பேசாதவன் பிழையைத் திருத்துவது எங்ஙனம்?

மாணவர்களே, தோழன் தடுமாறும்போது நகையாதீர். ஒருமுறை எழுந்த ஏளனச் சிரிப்பு, ஒரு நாவை நெடுங்காலம் கட்டிவிடும். தாய்மொழியில் வேரூன்றி நில்லுங்கள். பிறமொழியைக் கூச்சமின்றிப் பேசிப் பழகுங்கள். நீரில் இறங்கினவனுக்கே நீச்சல் கைவரும்.