ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும்

2015 ஜூனில் நான் டாலஸ் பக்கத்தில் இர்விங்கில் இருந்தேன். எச்-1பி விசா, இரண்டு பேர் பகிர்ந்துகொண்ட அபார்ட்மென்ட். சொந்தமாகக் கார் கிடையாது. அலுவலகத்துக்குப் பொள்ளாச்சிக்காரர் ஒருவரின் காரில்தான் போய்வருவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஒருநாள் பின்சீட்டில் புத்தம் புதிய கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று கிடந்தது. ஆன் கூல்ட்டர் எழுதிய ‘அடியோஸ், அமெரிக்கா’. அமெரிக்காவை ஒரு மூன்றாம் உலக நரகக்குழியாக்க இடதுசாரிகள் போட்டிருக்கும் திட்டம் என்று அட்டையிலேயே உபதலைப்பு.

“என்னண்ணா, இதெல்லாம் படிக்கறீங்க?”

“இந்தம்மா சொல்றதுல என்ன தப்பு தம்பி? வேலி தாண்டி வர்றவனப் பத்தித்தான எழுதியிருக்கு. நாம வரிசைல நின்னு வந்தவங்க. நமக்கென்ன?”

அன்றைக்கே அவர் இணையக் கடையில் அந்தப் புத்தகத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார். ராத்திரி நான் என் பங்குக்கு ஒரு நட்சத்திரம் போட்டேன். வெறுப்பைப் பரப்பும் நூல், காகிதத்துக்குக் கேடு என்று நான்கு வரியும் எழுதினேன். முப்பது பக்கத்துக்கு மேல் போகவில்லை என்று அண்ணன் பின்னால் ஒப்புக்கொண்டார். நான் அட்டையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

பத்து வருடம் கழித்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. கட்சி கட்டிக்கொண்டு எழுதப்படும் புத்தகங்களுக்கு வரும் எதிர்வினைகளில் பெரும்பகுதி வாசிப்பே கிடையாது, வாக்குப்பதிவு. நட்சத்திரம் போடுகிறவன் புத்தகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, தான் எந்தப் பக்கம் என்று கையைத் தூக்கிக் காட்டுகிறான். நிரல் எழுதிப் பிழைக்கிறவனாகச் சொல்கிறேன்: நீங்கள் எதை உள்ளே கொடுத்தாலும் ஒரே விடையைத் தரும் ஒரு செயல்கூறு இருந்தால், அது உள்ளீட்டைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். கூல்ட்டர் விஷயத்தில் அண்ணனும் நானும் அப்படி இரண்டு செயல்கூறுகள். அப்படிப் படிக்காமல் விட்டதற்கு விலை உண்டு. அந்த விலையைக் கட்டியது கூல்ட்டர் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, 2017-இல், ஊர் நூலகத்தில் அதே புத்தகம் கண்ணில் பட்டது. காசு கொடுக்க வேண்டாமே என்று எடுத்து வந்தேன். ஓரங்களில் இரண்டு பேரின் பென்சில் கையெழுத்து. ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் ‘உண்மை’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ‘பொய்’ என்று எழுதி அதன்கீழ் இரட்டைக் கோடு இழுத்திருந்தார். சண்டை மும்முரமாக ஆரம்பித்து, நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் இரண்டு பென்சிலும் நின்றுவிட்டன. மீதிப் பக்கங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

அந்தச் சுத்தமான பக்கங்களில்தான் நாங்கள் இருந்தோம்.

புத்தகத்தின் குறி வேலி தாண்டி வந்தவர்கள் மட்டும் இல்லை. கூல்ட்டருக்கு மூலப்பாவம் 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். எமானுவேல் செல்லரும் பிலிப் ஹார்ட்டும் கொண்டுவந்தது. அந்த வருடம் அக்டோபர் 3 அன்று லிண்டன் ஜான்சன் சுதந்திரதேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து கையெழுத்திட்டார். அதற்கு முன்னால் எந்த நாட்டுக்காரன் எத்தனை பேர் வரலாம் என்பதைப் பிறந்த நாடு தீர்மானித்தது. ஐரோப்பாவின் வடமேற்கு மூலைக்குத்தான் அள்ளிக் கொடுத்தார்கள். 1946-இல் இரக்கப்பட்டு இந்தியர்களுக்கு ஒதுக்கிய இடம் வருடத்துக்கு 100. நூறே நூறு பேர்! 1965 அந்த முறையை ஒழித்தது. இன்றைக்கு நியூஜெர்சியில் பொங்கல் விழாவுக்குக் கூட்டம் சேர்கிறது என்றால் அதற்கு அடித்தளம் அந்தக் கையெழுத்து. அந்தச் சட்டம் ஒரு பேரழிவு என்பதுதான் கூல்ட்டரின் மைய வாதம். சட்டபூர்வமான குடியேற்றத்தையும் சேர்த்தே நிறுத்த வேண்டும் என்பது அவர் சொல்லும் மருந்து. அதாவது, வரிசையில் நின்று வந்த அண்ணன் தன்னை ஒழிக்கச் சொன்ன புத்தகத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

அண்ணன் ஒருவரை மட்டும் சொல்லவில்லை. அந்த நாட்களில் நம் ஆட்களின் வார இறுதிப் பார்ட்டிகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் கிடையாது. “நாம டேக்ஸ் கட்றோம், நம்ம பசங்க ஸ்பெல்லிங் பீ ஜெயிக்கறாங்க, நம்மள ஏன் சொல்லப்போறாங்க?” பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டும் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று கைதட்டினால் நம்மைச் சொந்தக்காரனாக ஏற்றுக்கொள்வார்கள் என்ற நினைப்பு. ஊரில் சாதியை வைத்து ஆடிய அதே ஆட்டத்தை விசா வகையை வைத்து ஆடினோம். எனக்கு மேலே இருக்கிறவன் என்ன செய்தாலும் பரவாயில்லை, எனக்குக் கீழே ஒருவன் இருந்தால் போதும்.

எதிர்ப்பக்கம் என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். என் ஒரு நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன். இனவாதி என்று எழுதினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இனவாதம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முத்திரை குத்துவது மறுப்பு ஆகாது. கூல்ட்டர் சட்டம் படித்தவர். வழக்கறிஞர் மாதிரி அடிக்குறிப்புகளைக் குவித்துத்தான் எழுதுவார். ஆவணம் இல்லாமல் குடியிருப்பவர்கள் 1.1 கோடி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது 3 கோடி என்று ஒரு போடு போட்டார். அது மிகை. ஆனால் 2018-இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்த ஓர் ஆய்வு, வேறொரு கணக்குமுறையில் 2.2 கோடி என்றது. மற்ற வல்லுநர்கள் அந்த முறையையே கடுமையாக மறுத்தார்கள். எண் தவறு என்று சொல்லவேண்டுமானால் இந்தச் சண்டைக்குள் இறங்கித்தான் சொல்ல முடியும். வெளியே நின்று ‘பொய்’ என்று பென்சிலால் இரட்டைக் கோடு இழுத்தால், அவருடைய வாசகன் சிரித்துவிட்டுப் போவான். பதில் இல்லாததால்தான் திட்டுகிறார்கள் என்று இன்னும் கெட்டியாக நம்புவான்.

இன்னொன்று. 1965-இல் செனட்டில் எட்வர்ட் கென்னடி, இந்தச் சட்டத்தால் நாட்டின் மக்கள் கலவை மாறிவிடாது என்று உறுதி கொடுத்தார். அது நடக்கவில்லை, மாறியது. கூல்ட்டர் இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா ஏமாற்றினார்கள், இது சதி என்கிறார். இதற்கு அருமையான பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. அரசு முதலில் வைத்த வரைவில் திறமைக்குத்தான் முதலிடம், பாதி இடங்கள். அதைத் தலைகீழாக்கியவர் ஒஹையோவின் மைக்கேல் ஃபீகன். ஜனநாயகக் கட்சிக்காரர்தான், ஆனால் குடியேற்றத்தைத் திறந்துவிட விரும்பாதவர். குடும்ப உறவுக்கு முன்னுரிமை கொடுத்தால், ஏற்கெனவே இங்கே இருப்பவர்களின் ஐரோப்பியச் சொந்தங்கள்தான் வருவார்கள், நிறம் மாறாது என்பது கணக்கு. கடைசியில் 74 சதவீதம் குடும்பத்துக்கு, 20 சதவீதம் வேலைத்திறனுக்கு என்று ஆனது. ஐரோப்பியர்கள் வசதியாகிவிட்டார்கள், வரவில்லை. டாக்டராகவும் என்ஜினியராகவும் வந்த ஆசியர்கள் அண்ணன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கதவைச் சாத்தி வைக்கப் போட்ட தாழ்ப்பாளே கதவைத் திறந்தது. இடதுசாரிச் சதி என்ற மாளிகையை ஃபீகன் என்ற ஒரே பெயரால் இடித்திருக்கலாம். ஒரு நட்சத்திரக்காரர்களில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லி நான் பார்க்கவில்லை. எனக்கே 2017-இல் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டியபோதுதான் தெரிந்தது.

கூல்ட்டரைப் பற்றியே ஒரு வேடிக்கை. 1990-களின் நடுவில் அவர் மிச்சிகன் செனட்டர் ஸ்பென்சர் ஆபிரகாமிடம் வேலை பார்த்தார், குடியேற்றம் உட்பட. எச்-1பி உச்சவரம்பை 65,000-லிருந்து 1,15,000 ஆக உயர்த்தக் காரணமான மசோதாவை 1998-இல் செனட்டில் கொண்டுவந்தவர் அதே ஆபிரகாம். ஒய்2கே சமயத்தில் நம் ஊர்க்காரர்கள் விமானம் ஏறியது அந்தக் கதவு வழியாகத்தான். எந்தக் கதவைத் தன் பழைய முதலாளி திறந்தாரோ, அதை மூட அவர் புத்தகம் எழுதினார். அதில் நேர்மை இல்லை என்று சொல்லமாட்டேன். என்ன வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். தெளிவில்லாமல் இருந்தது நாம்.

அந்தப் புத்தகத்தைப் படித்து அதன்படி நடந்தவர்கள் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். டொனால்ட் டிரம்ப் புத்தகத்தை ட்விட்டரில் பாராட்டினார். புத்தகம் 2015 ஜூன் 1 அன்று வந்தது, 16-ஆம் தேதி அவர் வேட்பாளராகத் தன்னை அறிவித்து மெக்சிகோக்காரர்களைப் பற்றிப் பேசிய பேச்சில் புத்தகத்தின் வாசனை அடித்தது. கூல்ட்டர் 2016-இல் அவரைப் புகழ்ந்து ஒரு புத்தகமே போட்டார். 2018 முடிவதற்குள், சுவர் எங்கே என்று அதே டிரம்பைக் கிழித்துக்கொண்டிருந்தார். கவனியுங்கள், அவருக்கு ஆள் முக்கியமில்லை, எழுதியது நடக்க வேண்டும். நாம் பொழுதுபோக்கு என்று நினைத்ததை அவர் ஒப்பந்தமாக எழுதியிருந்தார்.

2024 மே மாதம் விவேக் ராமசாமியின் பாட்காஸ்டுக்கு கூல்ட்டர் வந்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, சின்சினாட்டியில் பிறந்தவர், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர். நீங்கள் சொல்வதில் பலவற்றை ஏற்கிறேன், ஆனால் நீங்கள் இந்தியர் என்பதால் உங்களுக்கு ஓட்டுப் போட்டிருக்க மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். கருத்து வேறுபட்டாலும் மனதில் பட்டதைச் சொன்னதை மதிக்கிறேன் என்றார் விவேக். நம் வாட்ஸப் குழுக்கள் கொந்தளித்தன. “இப்படிக்கூட ஒரு பொம்பள பேசுமா?” ஐயா, ஒன்பது வருடத்துக்கு முன்பே முழுப் புத்தகமாகப் பேசியாயிற்று. நீங்கள் ஐந்து நட்சத்திரமும் கொடுத்தாயிற்று.

அதே வருடம் டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை டிரம்ப் ஆலோசகராக அறிவித்தபோது, அவருடைய ஆதரவாளர்களே எச்-1பியை வைத்துக் கிறிஸ்துமஸ் முழுக்கச் சண்டை போட்டார்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று பிரகடனம் வந்தது. வரிசையில் நிற்பவர்கள் வேறு, வேலி தாண்டியவர்கள் வேறு என்று யாரும் நமக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை. நாமாகக் கற்பனை செய்துகொண்டோம்.

இந்த மாதிரிக் குப்பையை எதற்குப் படிக்க வேண்டும், படிப்பதே அதற்குக் கொடுக்கும் மரியாதை இல்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. படிக்காமலே இருப்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. வாழ்நாள் குறைவு, நல்ல புத்தகங்கள் நிறைய. ஆனால் படிக்காதவன் தீர்ப்பு எழுதக் கூடாது. அதோடு, உங்கள் வீட்டுப் பத்திரத்தைப் பற்றி எழுதியிருக்கும் புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று மூடி வைப்பது ரசனை ஆகாது, அசட்டுத்தனம். எதிரியின் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவன் இரண்டு காரியம் செய்கிறான். அவன் எங்கே சரி என்று தெரிந்துகொள்கிறான், எங்கே அடித்தால் விழுவான் என்றும் தெரிந்துகொள்கிறான். முதலாவதுக்குப் பயந்துதான் நாம் இரண்டாவதையும் இழக்கிறோம்.

அண்ணன் இன்னும் டெக்சாஸில்தான் இருக்கிறார். நான் கோயம்புத்தூர் திரும்பிவிட்டேன். அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் போட்டது 2015 கடைசியில். வேலைவழிக் கிரீன் கார்டு வருடத்துக்கு 1,40,000, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம். இந்தியாவுக்கும் அதே, ஐஸ்லாந்துக்கும் அதே. நாட்டுவாரி வரம்பு என்ற இந்தக் கண்ணியும் 1965-இல் பின்னியதுதான், 1990-இல் மாற்றியமைத்தார்கள். நம்மை உள்ளே விட்ட சட்டமே நம்மை வாசலில் நிறுத்தியும் வைத்திருக்கிறது. அவருடைய மகள் ஆறு வயதில், 2010-இல், அங்கே போனாள். போன வருடம் 21 முடிந்தது. அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் தகுதி அதோடு போயிற்று. இப்போது வெளிநாட்டு மாணவியாக ஸ்டூடண்ட் விசாவில் இருக்கிறாள், தான் வளர்ந்த ஊரிலேயே. படிப்பு முடிந்தால் மறுபடி எச்-1பி குலுக்கலில் சீட்டுப் போட வேண்டும்.

சென்ற மாதம் அண்ணன் போன் செய்தார். மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று கேட்டார்.

“ஏன் தம்பி, அந்தப் புஸ்தகத்துல நம்மளப் பத்தி எத்தனாவது பக்கத்துல வருது?”

“பக்கம் சொல்ல முடியாதுண்ணா. 65-ஆம் வருஷச் சட்டம்னு எங்கெல்லாம் வருதோ அதெல்லாம் நாமதான்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, கராஜில் அட்டைப்பெட்டியில் கிடக்கும், தேடி எடுக்கிறேன் என்றார். அன்று ராத்திரி நான் என் பழைய நான்கு வரியை அழித்துவிட்டு, ஃபீகனில் ஆரம்பித்து வேறொன்று எழுதத் தொடங்கினேன். நட்சத்திரம் எத்தனை என்ற கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.