பாட்டைப் பகிர்க, பாடியவரை மறவற்க!

ஒரு மொழிக்கு அரசு இல்லாமற் போகலாம். பள்ளி இல்லாமற் போகலாம். அச்சகமும் இல்லாமற் போகலாம். ஆயினும் தொட்டிலருகே தாலாட்டும், வயலிடையே அறுவடைப் பாட்டும், மணவீட்டில் வாழ்த்தும், இழவு வீட்டில் ஒப்பாரியும் அம்மொழியில் ஒலிக்குமளவும் அஃது இறந்துபடுவதில்லை. ஐரோப்பாவின் தென்கிழக்கே, பால்கன் மலைநாட்டில் வாழும் மக்கெதோனியர்தம் நாட்டுப்புறப் பாடல்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அப்பாடல்கள் எவ்வாறு காக்கப்பெற்றன, இன்று எவ்வாறு பகிரப்பெறுகின்றன, இனி எவ்வாறு பகிரப்பெறல் வேண்டும் என்பனவற்றை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

"எங்கோ வாழும் மக்களின் பாட்டைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என வினவுவாரும் உளர். தன் தாயின் அருமை அறிந்தவனுக்கே பிறன் தாயின் அருமையும் விளங்கும் என்பதே அவர்க்கு நாம் கூறும் விடை.

மக்கெதோனிய நிலம் ஐந்து நூற்றாண்டுக்கு மேலாக உதுமானியத் துருக்கியரின் ஆட்சியில் இருந்தது. 1767-ஆம் ஆண்டில் ஓகிரிது நகரத்துப் பேராயர் இருக்கையும் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கோயிலிலும் பள்ளியிலும் கிரேக்கமே மேலோங்கி நின்றது. அரசு அலுவலுக்குத் துருக்கி மொழி. வழிபாட்டுக்கும் கல்விக்கும் கிரேக்கம். மக்கள் பேசிய சிலாவிய மொழிக்கோ வீடும் வயலும் கிணற்றடியுமே இடமாயின. அவ்விடங்களில் அம்மொழியை ஆண்டவர் பெரும்பாலும் பெண்டிரே. ஏடறியாத அப்பெண்டிர்தம் நெஞ்சமே ஓர் இனத்தின் நூலகமாக இருந்தது.

அந்நூலகத்தின் கதவைத் திறந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஓகிரிது ஏரிக்கரையிலுள்ள சுத்துருகா என்னும் ஊரில், 1810-ஆம் ஆண்டில், குயவர் ஒருவரின் மகனாகப் பிறந்த திமித்தர் மிலாதினோவு என்பவரே அவர். அவர் கற்றது கிரேக்கம், கற்பித்ததும் கிரேக்கம். 1845-ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் விக்தோர் கிரிகோரோவிச்சு ஓகிரிதுக்கு வந்து, அவருடைய மக்களின் மொழியைப் பற்றியும் பாடல்களைப் பற்றியும் அவரிடம் உசாவினார். அயலார் ஒருவர் வந்து கேட்ட பின்னரே தம் வீட்டுச் செல்வத்தின் விலை அவருக்குப் புலனாயிற்று. அதுமுதல் அவரும், அவர்தம் இளவல் கொன்சுதாந்தினும் ஊர் ஊராகப் பாடல்களைத் தொகுக்கலாயினர். பின்னாளில் குக்குசு நகரப் பள்ளியில் கிரேக்கத்தின் இடத்தில் மக்கள் மொழியை அமர்த்தவும் திமித்தர் முயன்றார்.

அவர்கள் தொகுத்த கையெழுத்துப்படி கிரேக்க எழுத்தில் இருந்தது. தம் தாயின் பாட்டைத் தம் எழுத்தில் எழுதவும் இயலாதபடி ஒரு மக்களின் கல்வி அமைந்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! குரோவாசிய நாட்டு ஆயர் சுதிரோசுமாயர் அத்தொகுப்பைச் சிரில்லிய எழுத்தில் பெயர்த்தெழுதச் சொல்லி, அச்சிடுதற்குப் பொருளும் உதவினார். 1861-ஆம் ஆண்டில் சாகிரேபு நகரில் நூல் வெளிவந்தது. 600-க்கும் மேற்பட்ட பாடல்களோடு மணச்சடங்குகள், சிறுவர் விளையாட்டுகள், பழமொழிகள், விடுகதைகள் ஆகியனவும் அதில் இடம்பெற்றன. அவற்றுள் ஏறத்தாழ 150 பாடல்கள் சுத்துருகாவின் இளம்பெண் ஒருத்தியிடமிருந்தே கிடைத்தன.

உடன்பிறந்தார் இருவரும் அந்நூலின் பயனைத் துய்த்தாரல்லர். உருசியரின் உளவர் என்னும் பழிசுமத்தித் திமித்தரைச் சிறையிலிட்டனர். அவரை மீட்கக் கான்சுதாந்திநோபிளுக்குச் சென்ற கொன்சுதாந்தினும் சிறைப்பட்டார். 1862-ஆம் ஆண்டு சனவரியில் இருவரும் அச்சிறையிலேயே மாண்டனர். அவர்கள் பாடல் தொகுத்த ஊர்களுள் ஒன்றாகிய குக்குசு நகரமும், 1913-ஆம் ஆண்டின் இரண்டாம் பால்கன் போரில் எரிந்தழிந்தது. உயிர் தப்பிய மக்கள் பல்கேரியாவுக்கு ஓடினர். தொகுத்தவர் இல்லை, பாடிய தெருவும் இல்லை. பாட்டு மட்டும் இன்றும் உள்ளது!

அஃது எதனால் எஞ்சியது? எவரும் அதைப் பேழையில் வைத்துப் பூட்டாமையால் எஞ்சியது. சுத்துருகாப் பெண் தன் பாட்டை மறைத்து வைத்தாளல்லள்; ஆசிரியர்க்கு ஈந்தாள். ஆசிரியர் அதைத் தம் புலமைக்கு அணியாக வைத்துக்கொள்ளாமல் உலகுக்கு ஈந்தார். வேறு நாட்டு ஆயர் ஒருவர் அதற்குப் பொருள் ஈந்தார். இம்மூவருள் ஒருவர் கைமுடக்கியிருப்பினும் பாட்டின் கதை அன்றே முடிந்திருக்கும். பாட்டு விதைநெல் போன்றது. குதிருக்குள்ளேயே கிடந்தால் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். விதைத்தால்தான் அடுத்த ஆண்டுக்கும் இருக்கும். ஆதலின் பகிர்வதே காப்பது என்பது நம் முதற்கருத்து.

ஆனால், எவ்வாறு பகிர்வது என்பதில்தான் இன்று பெரும்பிழைகள் நேர்கின்றன. அவற்றுள் மூன்றைக் கூறுவோம்.

முதற்பிழை, பாட்டை வேலிபோட்டு வளைத்துக்கொள்ளும் பூசல். மிலாதினோவு உடன்பிறந்தார் தம் நூலுக்கு இட்ட பெயர் 'பல்கேரிய நாட்டுப்புறப் பாடல்கள்' என்பது. பாடல்களுள் மிகப் பெரும்பகுதி மக்கெதோனிய ஊர்களில் கிடைத்தவை. ஒரு சிறுபகுதி பல்கேரியாவிலிருந்து வந்தது. இரு நாட்டாரும் அந்நூலைத் தமதென்பர். 2020-ஆம் ஆண்டு நவம்பரில், மொழியும் வரலாறும் பற்றிய இத்தகைய பூசல்களை முன்னிறுத்தி, வட மக்கெதோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதற்கான பேச்சையே பல்கேரியா தடுத்து நிறுத்தியது. இதில் நம் கருத்து தெளிவானது. தம் மொழிக்குப் பெயரிடும் உரிமை அதைப் பேசும் மக்களுக்கே உரியது. 1944-ஆம் ஆண்டில் மக்கெதோனியம் ஆட்சிமொழியாக அறிவிக்கப்பட்டது. 1945-ஆம் ஆண்டில் அதற்கு நெடுங்கணக்கும் எழுத்துமுறையும் வகுக்கப்பட்டன. அம்மொழி இல்லையென்று அண்டை நாட்டார் கூறுவது, எதிரே நின்று பேசுகின்றவனை நோக்கி "உனக்கு வாயில்லை" என்பது போன்றது. அதற்காக, 1861-ஆம் ஆண்டு நூலின் பெயரை மறைப்பதும் முறையன்று. பழைய தலைப்பை உள்ளவாறே அச்சிடுக. வாழும் மக்களின் மொழியையும் உள்ளவாறே ஒப்புக. இரண்டுக்கும் இடமுண்டு.

பல்கேரியத் திரைப்பட இயக்குநர் அதேலா பேயேவா 2003-ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஒரே பண்ணமைந்த பாட்டொன்றை நாடு நாடாகச் சென்று அவர் கேட்க, துருக்கியர், கிரேக்கர், அல்பேனியர், போசுனியர், மக்கெதோனியர், செர்பியர், பல்கேரியர் ஆகிய அனைவரும் அஃது எமதே என்றனர். சிலர் சினந்தும் எழுந்தனர். பாட்டுக்குக் கால் உண்டு. அது மலை கடக்கும், ஆறு கடக்கும். "இஃது எந்நாட்டுப் பாட்டு?" என்று வழக்காடுமுன், "இதைப் பாடியவர் யார்? எவ்வூரார்? எப்போது பாடினார்?" என்று கேட்பதே அறிவுடைமை. முன்னைய வினா பகையை வளர்க்கும்; பின்னைய வினா சான்றை வளர்க்கும்.

இரண்டாம் பிழை, பெயரைப் பறித்துவிட்டுப் பாட்டை மட்டும் பரப்புவது. இன்று இணையத்தில் மக்கெதோனியப் பாடல்கள் எளிதிற் கிடைக்கின்றன. 'மரபுப் பாடல்' என்னும் ஒரே சொல்லை ஒட்டிவிட்டால் போதுமென்று பலர் கருதுகின்றனர். 'மக்கெதோன்சுகோ தெவோய்ச்சே' என்னும் புகழ்பெற்ற பாட்டு 1964-ஆம் ஆண்டில் யோஞ்சே கிரிசுதோவ்சுகி என்பவர் இயற்றியது. அதையே தொன்மையான நாட்டுப்பாட்டென நம்பிப் பாடுவார் பலர். இயற்றியவர் பெயர் தெரிந்தும் மறைக்கப்படும்போது அவர் உழைப்பு களவு போகின்றது. வழிவழி வந்த பாட்டைப் பாடியளித்த மூதாட்டியின் பெயர் விடப்படும்போதோ, அப்பாட்டு எவ்வூர் வழக்கு என்னும் வரலாறே களவு போகின்றது. போசுனிய நாட்டாரான சுதெபான் வெர்க்கோவிச்சு 1860-ஆம் ஆண்டில் பெல்கிரேடில் வெளியிட்ட தொகுப்பில், பெரும்பாலான பாடல்களைத் தந்தவள் செரெசுப் பகுதியின் தாபினா என்னும் பெண். அவள் பெயர் பதியப்பட்டமையாலன்றோ நூற்றறுபது ஆண்டு கடந்தும் நாம் அவளை அறிகின்றோம்!

மூன்றாம் பிழை, பாட்டை மெருகேற்றுவதாக எண்ணி அதன் எலும்பை முறிப்பது. மக்கெதோனியப் பாடல்கள் பல ஏழெண்ணிக்கையில் நடப்பவை. மூன்றும் இரண்டும் இரண்டுமாகப் பிரிந்து, 'தகிட தக திமி' எனச் செல்லும் அந்நடை நம் செவிக்குப் புதியதன்று. காய்தா என்னும் தோற்பைக் குழலில் ஒரு குழல் பண்ணை இசைக்க, மற்றொன்று நம் ஒத்துப் போல ஒரே ஒலியை இடையறாது நிறுத்தும். சுர்லா என்னும் குழலோ நம் நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதப்படுவது. இவற்றை அகற்றி, நான்கெண்ணிக்கை மேலை நடைக்குள் பாட்டை அடைத்தால் எஞ்சுவது வெறும் மெட்டே. மொழியும் அவ்வாறே. இன்றைய எழுத்து வழக்கு நாட்டின் நடுப்பகுதிப் பேச்சைத் தழுவி அமைக்கப்பட்டது. அதனை நன்று என்போம். ஆனால் கொசுதூர்ப் பெண்ணின் பாட்டையும் தெபார் ஊராரின் பாட்டையும் அவ்வழக்கிற்கு மாற்றித் திருத்துவது, வட்டார வழக்கின் கடைசிச் சான்றைத் தன் கையாலேயே அழிப்பதாகும்.

பாட்டைத் தவிர வேறு சான்றில்லாத மக்களை எண்ணும்போது இக்கேட்டின் அளவு விளங்கும். கிரேக்க நாட்டு எல்லைக்குட்பட்ட மக்கெதோனியப் பகுதியில், 1936-ஆம் ஆண்டில் தொடங்கிய மெத்தக்சாசின் ஆட்சி சிலாவியப் பேச்சையே தடுத்தது, பேசியவர் ஒறுக்கப்பட்டனர். 1948-ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போரின்போது, அப்பகுதியிலிருந்து பல்லாயிரம் சிறுவர் எல்லை கடந்து யூகோசுலாவியா, அங்கேரி, உருமேனியா, போலந்து முதலிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவருள் மக்கெதோனியம் பேசியோர் மிகப் பலர். 1982-ஆம் ஆண்டில் ஏதிலியர் திரும்பலாமென்று கிரேக்க அரசு ஆணையிட்டபோதும், 'கிரேக்க இனத்தார்' மட்டுமே என்று வரையறுத்து அம்மக்களை வெளியே நிறுத்தியது. தாய்நிலம் திரும்ப முடியாத அவர்களிற் பலர் தொரந்தோவிலும் மெல்பர்னிலும் குடியேறினர். அவர்தம் வீடுகளில் ஒரு பாட்டி முணுமுணுக்கும் பாட்டு, இன்று ஆளரவமற்றுக் கிடக்கும் ஒரு மலையூரின் கடைசிக் குரலாக இருத்தல் கூடும். அதை ஊர்ப்பெயரின்றி இணையத்தில் எறிவது, அவ்வூரை மீண்டும் ஒருமுறை அழிப்பதன்றி வேறென்ன?

தாய்நிலத்திலும் பாட்டு அருகி வருகின்றது. வடமேற்கிலுள்ள கீழைப் பொலோகுப் பகுதியில் ஆடவர் இரு குரலிற் பாடும் 'கிளாசோயெச்கோ' என்னும் மரபை, உடனடியாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் 2015-ஆம் ஆண்டில் யுனெசுக்கோ சேர்த்தது. ஒருவர் பண்ணை நடத்த, மற்றவர் குரல் துணை நிற்பது அம்முறை. அதைத் தனியொருவர் காக்க இயலாது. பக்கத்தில் நின்று குரல் கொடுக்க இன்னொருவர் வேண்டும். பிழைப்புத் தேடி இளைஞர் வெளியேறிவிட்டால் எஞ்சிய முதியவர் யாருடன் பாடுவார்?

சுகோப்பியே நகரில் 1949-ஆம் ஆண்டில் 'தானெத்து' என்னும் ஆடல்பாடற் குழு தோன்றியது. 1950-ஆம் ஆண்டில் நாட்டுப்புறவியல் நிறுவனம் எழுந்தது. அந்நிறுவனம், பிரிலேப்பு நகரில் தையற்காரராயிருந்து, கடைக்கு வந்தவரிடமெல்லாம் கதையும் பாட்டும் கேட்டெழுதிய மார்க்கோ செப்பென்கோவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இவை போற்றத்தக்க பணிகள். எனினும் மேடை ஆடலும் காப்பகமும் மட்டுமே போதா. பாட்டு பிறந்த ஊருக்கே அது திரும்பிச் செல்லல் வேண்டும்.

ஆதலின் மக்கெதோனியப் பாடல்களைப் பகிர்வோர், அவர் எந்நாட்டவராயினும், கைக்கொள்ள வேண்டியவை சில. பாடியவர் பெயர், ஊர், பாடிய ஆண்டு, பாடும் பொழுது ஆகியவற்றைப் பாட்டினின்று பிரிக்கலாகாது. இயற்றிய பாட்டையும் வழிவழி வந்த பாட்டையும் வேறுபடுத்திச் சுட்ட வேண்டும். ஊர்ச்சொல்லை உள்ளவாறே எழுதி, விளக்கத்தைத் தனியே தர வேண்டும். ஒலிப்பதிவின் படி ஒன்று பாடியவர் குடும்பத்துக்குச் சேர வேண்டும். இழவு வீட்டு ஒப்பாரியை உரியவர் இசைவின்றி ஊரறியப் பரப்பலாகாது. துயரத்திலும் ஒருவர்க்குத் தனியுரிமை உண்டு.

"பகிர்ந்தால் பிறர் திருடிவிடுவரே!" என அஞ்சுவார்க்கு ஒன்று கூறுவோம். பெயரும் ஊரும் எழுதாத பாட்டையே திருடுவது எளிது. எழுதிய பாட்டைத் திருடினால் திருடன் அகப்படுவான். எனவே அச்சத்துக்கு மருந்து பூட்டன்று, பதிவே.

இறுதியாக, பாட்டு தாளிலும் ஒலிநாடாவிலும் இருப்பது அரைக்காப்பே. சிறுவர் ஒருவர் அதைப் பெரியவர் வாயிலிருந்து கேட்டு, தம் வாயால் திரும்பப் பாடும்போதே காப்பு நிறைவுறும். அதைச் செய்விப்பதற்குப் பேரரசு வேண்டா, பெருஞ்செல்வமும் வேண்டா. சுத்துருகாவில் ஒரு பள்ளி ஆசிரியரும் ஓர் இளம்பெண்ணும் போதியவராயிருந்தனர். தொரந்தோவின் வீடொன்றில் ஒரு பாட்டியும் பெயர்த்தியும் இன்றும் போதியவரே. அப்பெயர்த்தி இன்றே பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்கட்டும். நாளை கேட்கலாமென்றால், கேட்பதற்குக் குரல் இராது.