ஆவியாகும் நீரும் அருவியாகும் நீரும்

ஈரத் துணியைக் கொடியில் உலர்த்துகிறோம், காய்ந்துவிடுகிறது. அதிலிருந்த நீர் எங்கே சென்றது? நீர் மூலக்கூறுகளுள் வேகம் மிகுந்தவை நீர்ப்பரப்பை விட்டுக் காற்றில் கலக்கின்றன. இதுவே ஆவியாதல். வெயிலும் காற்றும் மிகுந்தால் இது விரைவாக நடைபெறும். மூடுபனி நாளில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், உதகையில் துணி எளிதில் காய்வதில்லை.

கடல்நீரும் இவ்வாறே ஆவியாகிறது. உப்பு கடலிலேயே தங்கிவிட, நீராவி தென்மேற்குப் பருவக்காற்றுடன் வந்து, நம் மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. அம்மழையைச் சோலைக்காடும் புல்வெளியும் மண்ணுக்குள் இறக்கிச் சேமித்து, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குகின்றன.

ஆனால் மண்ணில் இறங்கிய நீர் முழுவதும் ஓடைக்கு வருவதில்லை. ஒரு பகுதியை வேர்கள் உறிஞ்ச, இலைகள் அதனை ஆவியாக வெளியிடுகின்றன. இதனை நீராவிப்போக்கு என்பர். ஆழ வேரூன்றி விரைந்து வளரும் மரம், புல்லைவிட மிகுதியான நீரைச் செலவிடும்.

19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கு வந்த கற்பூர மரம் அத்தகையது. பைக்காராவுக்கு அருகே கிளன்மார்கனில், உதகை மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்டனர். ஒன்று இயற்கைப் புல்வெளி. மற்றொன்றில் 1972இல் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டனர். முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டியபின் தழைத்த மறுதாம்பினால் அடுத்த பத்தாண்டுகளில் 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

"ஆவியான நீர் மீண்டும் மழையாகத்தானே வரும்?" எனச் சிலர் வினவலாம். வரும், ஆனால் காற்று அதனை எங்கோ கொண்டு செல்லும். நம் ஊற்றுக்கே அது திரும்பும் என்று சொல்ல முடியாது. பங்குனி மாதத்தில் குடத்துடன் காத்திருக்கும் தாய்மாருக்கு எங்கோ பெய்யும் மழையால் என்ன பயன்?

கற்பூர மரம் விறகும் தைலமும் தந்து பலரை வாழ்வித்தது. அதனை நாம் பழிக்க வேண்டுவதில்லை. எனினும் புல்வெளியை வெற்றிடம் என்றெண்ணி மரம் நடுவது தவறு என்பதே என் கருத்து. மரம் நடுவிழா நாளில், "எத்தனை கன்றுகள்?" என்று கேட்குமுன், "எந்தக் கன்று? எந்த இடம்?" என்று கேட்போம். சோலை அழிந்த இடத்தில் சோலை மரங்களை நடுவோம். புல்வெளியைப் புல்வெளியாகவே காப்போம். பெற்றோரும் இதற்குத் துணைநிற்பார்களாக!